இரும்பு விட்டுப்போன வயல்கள்

யப்பானைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு வகையில் ஆலைகளும் அதிவேகப் புகையிரதங்களும் வரும். மற்றைய வகையிற் செரிப் பூக்களும் தேநீர்ச் சடங்கும் வரும். முன்னவர் அம்மக்களின் உழைப்பை வியப்பர். பின்னவர் அவர்தம் அழகுணர்ச்சியை வியப்பர். வியப்பதிலே தவறொன்றுமில்லை. ஆயினும், அந்நாட்டின் பெரும்பகுதி மலையும் காடுமாய், ஆட்குறைந்த கிராமங்களாய்க் கிடக்கின்றதென்பதையும், அங்கே நெல் விளைவிக்கும் முதியோரின் எதிர்காலம் அந்நாட்டு அரசியலிலே தீராத வழக்காக இருந்து வருகின்றதென்பதையும் நம் மாணவர் அறிய வாய்ப்பில்லாமற் போகின்றது. அவ்வழக்கிலே எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லுமுன் இடத்தைச் சொல்லவேண்டும்.

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குப் பாகத்திலே, யப்பான் கடலை நோக்கிக் கிடப்பது ஷிமானே என்னும் பரிபாலனப் பிரிவு. 1955 ஆம் ஆண்டில் அங்கு 9 இலட்சத்து 29 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 6 இலட்சத்து 71 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. நூறாண்டுக்கு முன், 1920 இல், அங்கிருந்தோர் தொகை 7 இலட்சத்து 14 ஆயிரம். நாடு முழுவதும் இரு மடங்குக்கு மேலாகப் பெருகிய அதே நூற்றாண்டில் இம்மண் தன் பழைய சனத்தொகையையும் காத்துக்கொள்ளவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இப்பிரிவின் தென்கிழக்கு மூலையில், மலைகளுக்கிடையே இருக்கின்றது ஒக்கு இஸுமோ. 'இஸுமோவின் உட்புறம்' என்பது அப்பெயரின் பொருள். நித்தா, யொக்கோத்தா என்னும் இரண்டு பழைய ஊர்களை 2005 இல் இணைத்து இப்பெயரிட்டனர். ஏறக்குறைய 368 சதுர கிலோமீற்றர் பரப்பிலே சுமார் 12,000 பேர். நாட்டின் சராசரி சதுர கிலோமீற்றருக்கு 340 பேரளவில் இருக்க, இங்கே முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று பேர்தாம். பனிக்காலத்திலே வெண்பனி மூடிக்கிடக்கும் ஊர். கோடையிலோ பகல் வெப்பமும் இரவுக் குளிரும் பெரிதும் வேறுபடுவதனால் நெல்மணி நன்கு முற்றும் என்பர். 'நித்தா அரிசி' என்றால் யப்பானிய அரிசி வணிகர் மதிப்பர். கிழக்கே ஊஓநுமா, மேற்கே நித்தா என்று சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கு.

அவ்வூரின் படங்களைப் பார்ப்பவர், மலைச்சரிவிலே படிப்படியாக இறங்கும் வயல்களையும், அவற்றினிடையே தீவுகள்போலத் துருத்திக்கொண்டு நிற்கும் சிறு மேடுகளையும் காண்பர். மேட்டிலே சில மரங்கள். மரநிழலில் ஒரு சிறு கோவில் அல்லது சில கல்லறைகள். இயற்கையின் கொடை என்றும், ஆதிநாள் உழவரின் கைவண்ணம் என்றும் சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதிவிடும். உண்மை அவ்வளவு மென்மையானதன்று. அவ்வயல்களிற் பல, இரும்புக்காக மலையை வெட்டிக் கரைத்தபின் எஞ்சிய தழும்புகள். மேடுகளோ, வெட்டக் கூசிய இடங்கள். தெய்வமும் முன்னோரும் உறையும் நிலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருந்த மலையை ஆற்றோடு அனுப்பிவிட்டார்கள்.

அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பூமிசாஸ்திர ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எளிதிற் கிடைக்காது.

சூகொக்கு மலைத்தொடர் உயரத்திலே பெரிதன்று. ஒக்கு இஸுமோவின் எல்லையிலுள்ள சென்சூ மலையின் உயரம் 1,142 மீற்றர். பாறை பெரும்பாலும் கருங்கல் இனம். ஆனால் நெடுங்காலம் மழையும் குளிரும் தின்று, கையாற் பிசைந்தால் உதிரும் அளவுக்கு ஆழமாக உளுத்த பாறை. அதனுள்ளே மிகச் சிறு அளவில் இரும்பு மணல் கலந்திருக்கின்றது. இதை எடுக்க அக்காலத்தார் கண்ட வழிக்குக் 'கன்னா நகாஷி' என்று பெயர். தொலைவிலுள்ள ஓடையிலிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரைக் கொணர்வார்கள். சரிவை இடித்து அவ்வோட்டத்திலே தள்ளுவார்கள். கீழே அடுத்தடுத்து அமைந்த தொட்டிகளில் கனத்த இரும்பு மணல் தங்கும். இலேசான மண் நீரோடு போய்விடும். பொன் அரிப்பவன் தட்டிலே செய்வதை இவர்கள் ஒரு மலையளவிற் செய்தார்கள்.

இவ்வேலை இலையுதிர் காலத்திலே தொடங்கி இளவேனிலின் முன்னரே நின்றுவிடும். நாற்று நடும் காலத்திற் கலங்கல் நீர் வயலுக்கு இறங்கலாகாது என்பது ஏற்பாடு. கோடையில் நாற்று நட்ட கையே மாரியில் மலையை இடித்தது. இடித்து முடிந்த சரிவு ஓரளவு சமமாகிவிடும். அதை நிரவி, வரம்பு கட்டி, மண்ணிட்டால் வயல் தயார். மலையை உடைக்க வந்த வாய்க்கால் அப்படியே வயலுக்கு நீர் கொடுக்கும் வாய்க்காலாயிற்று. சுரங்கம் தோண்டிய இடமெல்லாம் பாழாய்க் கிடப்பதையே உலகில் எங்கும் காண்கின்றோம். தோண்டிய குழியை நெல்வயலாக்கிவிட்டுப் போன சுரங்கக்காரர் மிகச் சிலர்.

இரும்பு மணலை உருக்கிய உலைக்குத் 'தத்தாரா' என்று பெயர். களிமண்ணாற் கட்டிய உலையிலே மணலையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு, மூன்று பகலும் மூன்று இரவும் துருத்தி ஊதுவர். முடிவில் உலையையே உடைத்து இரும்புக் கட்டியை வெளியே இழுப்பர். ஒரு முறைக்கு ஏறக்குறைய 10 தொன் இரும்பு மணலும் 12 தொன் கரியும் செலவாகும். கிடைப்பது இரண்டரைத் தொன் அளவினதான கட்டி ஒன்று. இவ்வளவு கரிக்கு எத்தனை காடு வேண்டும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். இதோஹாரா, சக்குராய், அயற்பகுதியிலே தனாபே என்னும் இரும்புக் குடும்பங்கள் பெருங்காடுகளைத் தம் உடைமையாக வைத்திருந்தது இதற்காகத்தான். காட்டைப் பகுதி பகுதியாக வெட்டுவர். வெட்டிய அடிமரம் தழைத்து மீண்டும் வெட்டுக்கு வர முப்பது ஆண்டளவு செல்லும். வெட்டி எரித்த சரிவிலே கறுப்புக் கோதுமை எனப்படும் 'சோபா'வை விதைப்பர். கரியையும் இரும்பையும் சுமக்க மாடு வேண்டும். மாட்டுக்குக் காட்டோரப் புல். அதன் எரு வயலுக்கு. நல்ல மாட்டினத்தைத் தேர்ந்து வளர்ப்பதிலும் இரும்புக் குடும்பத்தாரே முன்னின்றனர். இன்று நித்தா அரிசி ஏன் சுவைக்கின்றது என்று கேட்டால் மாட்டெருவும் மலைநீருமே காரணம் என்பார்கள். அந்த மாட்டையும் அந்த வாய்க்காலையும் அவ்வூருக்குக் கொணர்ந்தது இரும்பு.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பொற்காலத்தைப் பாடுவதாக எவரும் கொள்ளலாகாது. மலையிலிருந்து போன மண் எங்கே போயிற்று? ஹீ ஆற்றோடு போய் அதன் படுக்கையை உயர்த்தியது. சமவெளியை அடையும்போது ஆறு தன் இருமருங்கிலுமுள்ள வயல்களைவிட உயரத்தில் ஓடலாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்சுயே நகரத்து ஆட்சியாளர் ஷின்ஜி ஏரி தூர்ந்துபோகும் என்றஞ்சிச் சில காலம் இத்தொழிலைத் தடைசெய்தும் பார்த்தனர். பின்னர் வருமானத்தின் பொருட்டு அனுமதித்தனர். கீழ்நாட்டாருக்கு வெள்ளமும் வந்தது, புது நிலமும் வந்தது. ஆறு கொணர்ந்த மணலாலே இஸுமோச் சமவெளி ஏரிக்குள் வளர்ந்துகொண்டே போயிற்று. 1972 ஆம் ஆண்டு யூலை வெள்ளத்தில் ஏரியைச் சூழ்ந்த நிலம் பல நாட்கள் நீரில் மூழ்கிக் கிடந்தது. பெருக்கெடுக்கும் ஹீ ஆற்று நீரை வேறோர் ஆற்றுவழியாகக் கடலுக்குத் திருப்பும் கால்வாய் 2013 இலேதான் முடிந்தது. பல தலைமுறைக்கு முன் மேல்நாட்டிற் செய்த வேலைக்கு இத்தலைமுறை கீழ்நாட்டிற் பணம் செலுத்துகின்றது.

இவ்விடத்திலே இலக்கிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கி.பி. 712 இல் தொகுக்கப்பட்ட 'கொஜிக்கி'யில், வானிலிருந்து துரத்தப்பட்ட சுசானோவோ இந்த ஹீ ஆற்றின் தலைப்பிலேதான் வந்திறங்குகின்றான். எட்டுத் தலை நாகம் ஒன்று ஆண்டுதோறும் ஒரு பெண்ணைத் தின்ன வருகின்றது. கிழவன் கிழத்தியின் எஞ்சிய ஒரே மகளை அவன் காக்கின்றான். கொன்ற நாகத்தின் வாலிலிருந்து ஒரு வாள் வெளிப்படுகின்றது. நாகம் என்பது செந்நிற மண்ணோடு பெருக்கெடுத்த ஆறுதான், வாள் என்பது மேட்டுநிலத்து இரும்புதான் என்று பொருள் கொள்வோர் பலர். அப்பெண்ணின் பெயரான குஷினாதாஹிமேயிலே நெல்வயலைக் குறிக்கும் சொல் இருக்கின்றதென்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். புராணத்தை இப்படி உரித்துப் பார்ப்பதிலே எனக்கு எப்பொழுதும் முழு நம்பிக்கை உண்டாவதில்லை. என்றாலும் ஆறு, வயல், இரும்பு மூன்றையும் ஒரே கதையில் வைத்த மக்கள் தம் நிலத்தை நன்கறிந்தவர்கள் என்பது தெளிவு. கி.பி. 733 இல் எழுந்த இஸுமோ நாட்டுக் குறிப்பேடும் நித்தாப் பகுதி ஊர்களின் இரும்பு உறுதியானதென்றும் கருவிகள் செய்ய ஏற்றதென்றும் பதிந்து வைத்திருக்கின்றது.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. துப்பறியும் நவீனங்களாற் புகழ்பெற்ற மட்சுமோத்தோ செய்ச்சோ 1960 இலும் 1961 இலும் தொடராக எழுதிய 'மணற் பாத்திரம்' என்னும் நாவலில், கொலையின் முடிச்சு ஒரு பேச்சுவழக்கிலே கிடக்கின்றது. வடகிழக்கு யப்பானின் பேச்சுப்போல ஒலிக்கும் பேச்சு இந்த மலைமூலையிலும் உண்டு என்பதே துப்பு, ஊர் கமெதாக்கே. நாவலைப் படிக்க எண்ணியிருந்தவர்கள் என்னை மன்னிக்க. படத்தையே விரும்பும் மாணவர்க்கு, 1997 இல் வெளிவந்த 'இளவரசி மொனொனோக்கே'யில் வரும் இரும்பூரும் துருத்தி மிதிக்கும் பெண்களும் நினைவிருக்கலாம். காட்டுக்கும் உலைக்குமான பகையை அப்படம் அழகாகக் காட்டியது. உலைக்கும் வயலுக்குமான உறவு அதிலே இடம்பெறவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். மேனாட்டு முறை இரும்பாலைகள் வந்தபின் தத்தாரா தளர்ந்தது. 1920 களின் முற்பகுதியில் வணிக நோக்கான உலைகள் அணைந்தன. போர்க்காலத்தில் வாளுக்காக யொக்கோத்தாவிலே ஓர் உலை மீண்டும் எரிந்து, 1945 இல் நின்றது. இரும்பு போனபோதும் மக்கள் போய்விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உலைக்கு எரித்த கரியை நகர வீடுகளுக்கு எரித்து விற்றார்கள். மாட்டை வளர்த்தார்கள். பனிக்காலத்தில் எண்சட்டம் செய்தார்கள். 1830 களிலே கமெதாக்கேயில் ஒரு தச்சர் தொடங்கிவைத்த அத்தொழில் வளர்ந்து, யப்பானியப் பிள்ளைகள் மணியுருட்டிக் கணக்குப் பயின்ற சட்டங்களிற் பெருந்தொகை இவ்வூர்ப் பக்கத்திலிருந்தே போயின. நெல் மட்டும் ஒருபோதும் இம்மக்களைத் தாங்கியதில்லை. நெல்லோடு இன்னொன்று எப்பொழுதும் இருந்தது.

அந்த 'இன்னொன்று'தான் 1950 களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்து கரியைத் தள்ளின. சிறு உழவு இயந்திரம் வந்து மாட்டைத் தொழுவத்திலிருந்து அகற்றியது. மின் கணிப்பான் வந்து எண்சட்டத்தை முடித்தது. 1963 ஆம் ஆண்டுப் பெரும்பனி ஷிமானே மலைக்கிராமங்களைக் குடும்பத்தோடு கிளம்ப வைத்தது. 'கஸோ', அதாவது மக்கள் அருகிப்போதல் என்னும் சொல் அக்காலத்திலேதான் அரசாங்க ஆவணங்களில் ஏறியது. 1970 இல் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றினார்கள். அதே காலத்தில் நாட்டிலே அரிசி மிஞ்சிவிட்டதென்று நெற்பரப்பைக் குறைக்கும் கொள்கையும் தொடங்கியது. அரசாங்கம் விளைச்சற் பங்கை ஒதுக்கிக் கொடுக்கும் அம்முறை 2018 வரை நீடித்தது. ஊரை விட்டுப் போகாதே என்று ஒரு சட்டமும், நெல்லைக் குறைத்து விதை என்று மற்றொரு கொள்கையும் ஒரே வாசலில் வந்து நின்றால் கமக்காரன் எதற்குச் செவிசாய்ப்பான்?

இன்று யப்பானிலே இரண்டு கட்சியார் பேசுகின்றார்கள். ஒரு கட்சியார், சிதறிக் கிடக்கும் சிறு வயல்களை விட்டுவிட்டுச் சமவெளியிலே பெரும் பண்ணைகளை அமைக்கவேண்டும்; மலைக்கிராமத்தாரைப் படிப்படியாகக் கீழே குடியேற்றவேண்டும் என்பர். 2024 கோடையில் நகரக் கடைகளிலே அரிசி கிடைக்காமற் போனபோதும், அடுத்த ஆண்டில் விலை முன்னாண்டின் இருமடங்களவுக்கு ஏறி அரசாங்கம் சேமிப்பரிசியை வெளியேவிட நேர்ந்தபோதும், இக்குரல் ஓங்கியது. மற்றைய கட்சியார், மலைவயல் யப்பானியரின் ஆன்மா, முன்னோரின் சொத்து, அதைக் காக்க இளைஞர் ஊருக்குத் திரும்பவேண்டும் என்பர். 2014 இல் ஒக்கு இஸுமோவின் நிலக்காட்சி தேசியப் பண்பாட்டு நிலமாகத் தெரிந்தெடுக்கப்பட்டதும் இவர்களுக்கு ஊக்கமளித்தது.

முதற்கட்சியாரின் கணக்கு நெல்லுக்குச் சரி, நீருக்குச் சரியன்று. சரிவிலுள்ள வயல் மழையைத் தேக்கி மெல்ல விடுகின்றது. அதன் வரம்பு இடிந்து வாய்க்கால் தூர்ந்தால், உளுத்த பாறையாலான அம்மலை மறுபடியும் ஆற்றுக்கு இறங்கும்; அதைத் தாங்கவேண்டியவர் கீழேயுள்ள நகரத்தார். கைவிட்ட வயலிலே காட்டுப்பன்றி குடியேறி அடுத்த வயலையும் கிண்டிவிடுகின்றது. ஒருவன் விட்டால் அயலானும் விடவேண்டி வருவது இப்படித்தான்.

இரண்டாங்கட்சியார்மேல் எனக்கு அனுதாபம் மிகுதி. ஆனால் அவர்களுடைய பேச்சிலேதான் ஆபத்தும் மிகுதி. ஆன்மா என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்கத் தேவையில்லை என்றாகிவிடுகின்றது. இம்மண்ணிலே எவரும் வெறும் மண்பற்றினால் வயல் உழுததில்லை. இரும்புக்காக வந்தார்கள், வயலையும் உண்டாக்கினார்கள். அழகைக் காட்டிப் பிழைக்கலாம் என்பாருக்கும் ஒரு செய்தி: மலையேறுவதற்கு முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஏறும் கிஸுக்கிப் பாதையில் 1998 முதல் ஓடிய சுற்றுலாப் புகையிரதம், வண்டி பழையதாகிவிட்டமையால் 2023 நொவம்பரில் நின்றுபோயிற்று. பார்க்க வருவோர் கூட்டம் ஒரு கிராமத்தின் பின்தொழிலாகலாம், முதற்றொழிலாகாது.

2000 ஆம் ஆண்டிலிருந்து யப்பானிய அரசாங்கம் மலைநிலக் கமக்காரருக்கு நேர்க்கொடுப்பனவு வழங்கி வருகின்றது. செங்குத்தான சரிவிலுள்ள நெல்வயலுக்கு ஆயிரம் சதுர மீற்றருக்கு ஆண்டொன்றில் 21,000 யென் என்பது விதி. இதைத் தருமம் என்று பரிகசிப்போர் உண்டு. நான் அதைக் கூலி என்பேன். ஆறு உடையாமலிருக்க மேல்நாட்டார் செய்யும் காவலுக்குக் கீழ்நாட்டார் கொடுக்கும் கூலி. ஆனால் அதிலே ஒரு நிபந்தனை இருக்கின்றது. ஊரார் கூடி, ஐந்தாண்டுக்கு வயலைக் கைவிடமாட்டோம் என்று ஒப்பந்தம் செய்யவேண்டும். 2020 ஆம் ஆண்டில் யப்பானிலே கமத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது 67.8. எண்பது வயதுக் கிழவர் ஒருவரிடம் இன்னும் ஐந்தாண்டு உழுவேன் என்று கையொப்பமிடச் சொன்னால் அவர் பேனாவைக் கையிலெடுத்துத் தயங்குவது இயல்புதானே? பணத்தை வேண்டாமென்று விடுபவரும் இதனாலேயே விடுகின்றனர். கையொப்பத்தை ஆளிடமிருந்து நீக்கி ஊர்க் கூட்டுறவிடம் வைப்பது ஒரு வழி. ஷிமானேயிலே ஊர் முழுவதும் ஒரே கமமாகச் சேர்ந்து இயந்திரத்தையும் உழைப்பையும் பங்கிடும் முயற்சி யப்பானின் ஏனைய பல பகுதிகளுக்கும் முந்தியே தொடங்கியதால், அங்கே இது நடவாத காரியமன்று.

அதற்கு மேலும் ஒன்று வேண்டும். அதுதான் பழைய 'இன்னொன்று'. 1977 முதல் யொக்கோத்தாவிலே வாட்கலைக் காப்புச் சங்கத்தார் ஒவ்வொரு பனிக்காலமும் மீண்டும் தத்தாரா எரிக்கின்றார்கள். நாடெங்குமுள்ள வாட்கொல்லர்க்கு உருக்கு அங்கிருந்தே போகின்றது. பெருமைக்குரியதுதான், ஆயினும் அது ஊருக்குச் சோறு போடாது. மாட்டெருவைச் சேர்த்துப் பக்குவப்படுத்தி வயலுக்கு மீட்டுக் கொடுத்து, அதனால் அரிசிக்குப் பெயரும் விலையும் தேடிக்கொண்டதே அவ்வூரார் செய்த விவேகமான காரியமென்று நான் கருதுகின்றேன். காடு இப்பொழுது வெட்டுவாரின்றி முதிர்ந்து நிற்கின்றது. வயலுக்குக் கொடுக்கும் கொடுப்பனவிற் பாதியளவு கவனமேனும் அக்காட்டுத் தொழிலுக்குக் கொடுத்தால், நெல்லோடு கைகோக்க ஒரு துணை கிடைக்கும். அதுவரையில், எல்லா வயலையும் காப்போம் என்னும் வீறாப்பை விட்டு, எதைக் காப்பது என்று ஊர்தோறும் கூடித் தீர்மானிக்க வேண்டியிருக்கும். உச்சியிலுள்ள வயல்கள் சில மரத்துக்குத் திரும்பலாம்; அதிலே நட்டமில்லை. ஆனால் அவ்வுச்சியைக் கடந்து வரும் வாய்க்காலை விடலாகாது. இருபது வீட்டார் கூடிச் சேறெடுத்த வாய்க்காலை இன்று ஐந்து வீட்டார் எடுக்க நேர்ந்தால் ஆறாவது ஆளுக்குக் கூலி கொடுத்தாவது எடுப்பிக்க வேண்டும். மலையை உடைக்க வந்த நீர், அடுத்த இளவேனிலிலும் அதன் வழியாகத்தான் நாற்றுக்கு வந்தாகவேண்டும்.